காற்றுக் குழாயும் நீ எழுதிய நான்கு வரியும்

வெள்ளானூர்,
22.9.1992, செவ்வாய்.

அன்பு மகன் பாஸ்கலுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பரோடாவில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்புவதற்கு ஆதாரம் ஒன்றும் கையில் இல்லை, நீ கடைசியாகக் கடிதம் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது என் வழக்கம். இந்த முறை ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வலது முழங்கால் தவிர மற்ற பாகங்கள் சுகம். உன் அம்மாவுக்கு உடம்பு சுகம், மனம் சுகமில்லை. உன் தங்கை ஞானகுமாரிக்கு இடது புருவத்துக்கு மேல் நான்கு தையல் போட்டிருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார், நான் மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தேன்.

உன் அம்மா எனக்குத் தெரியாமல் உனக்கு ஓர் இன்லண்டு லெட்டர் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது என்பது அவள் எண்ணம், மற்றத் தபாலோடு அவள் செருகிக் கொடுத்ததை முழங்கால் வலியோடு தபால் பெட்டிவரை கொண்டு போய்ப் போட்டது நான்தான், உன் பெயரும் அவள் கையெழுத்தும் எனக்கு அடையாளம் தெரியாதா. மாப்பிள்ளை அந்தோணிராஜ் உன் தங்கையைக் கைநீட்டி அடித்துவிட்டார் என்று அதில் எழுதியிருப்பாள். அதை நம்பாதே. நானும் மூன்று நாள் நம்பியவன் என்பதால் சொல்கிறேன். கோபத்தில் அவருக்கு ஏதாவது எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு மேலே படி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன பதிமூன்றாம் தேதி ஞாயிறு பூசைக்கு ஞானகுமாரி முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். சாதாரணமாக அவள் முக்காடு பாதிரியார் திரும்பும்போது மட்டும் தலையில் இருக்கும். நற்கருணை வாங்க எழுந்தபோது அம்மா பக்கவாட்டில் பார்த்துவிட்டாள், அப்புறம் பூசை முடியும்வரை அவள் வாய் ஒரு ஜெபமும் சொல்லவில்லை. வெளியே வந்து என்னடி இது என்று கேட்டதற்கு, பீரோ கதவு இடித்துவிட்டது என்றாள். மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று ஆமாம் மாமி பீரோதான் என்றார், கேட்காத கேள்விக்குப் பதில். அதோடு விட்டிருக்கலாம், நேரே கடைக்குப் போய் எனக்கு மசால் வடை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவர் எனக்கு வடை வாங்கித் தந்தது அதுதான் முதல் தடவை. வடையைத் தின்றேன், சந்தேகத்தையும் சேர்த்துத்தான் தின்றேன்.

மறுநாள் ஏதோ சாக்கு சொல்லி அவர்கள் வீட்டுக்குப் போய் பீரோவை டேப் வைத்து அளந்தேன். கதவின் மேல் மூலை ஐந்தடி பத்து அங்குலத்தில் இருக்கிறது, கைப்பிடி மூன்றரை அடியில் இருக்கிறது. உன் தங்கை ஐந்தடி ஒரு அங்குலம். அவள் புருவம் நிற்கும் உயரத்தில் அந்தக் கதவில் வழவழவென்ற தகடும் ஒரு கண்ணாடியும்தான் உண்டு, கண்ணாடி உடையவில்லை. ஆக, பீரோ நிரபராதி. அன்றைக்கே உன் அம்மா மாப்பிள்ளைதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதி, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளில் மேல்முறையீடு செய்தாள். எந்த அந்தோணியார் பெயரை மாப்பிள்ளைக்கு வைத்திருக்கிறார்களோ அவரிடமே போய் இவர்மேல் புகார் சொன்னாள். எனக்கு ஆதாரம் வேண்டும் என்று தோன்றியதால் புதன்கிழமை பஸ் பிடித்து சென்னீர்குப்பம் போய் மாப்பிள்ளையின் பட்டறையில் இறங்கினேன்.

நீ அந்தப் பட்டறையைப் புதிதாகக் கூரை போட்ட பிறகு பார்க்கவில்லை. பெங்களூர் ரோட்டை ஒட்டி, லாரிகளுக்குத் தகர வேலையும் பெயிண்டும் செய்கிறார்கள். பின்பக்கத்தில் எழுத்து எழுதுவது முழுக்க உன் தங்கை. நம்பர் பிளேட்டிலிருந்து ‘ஒலி எழுப்பவும்’ வரை அவள் கைதான், ஸ்கேல் வைக்காமல் போடுவாள், நாமக்கல்லிலிருந்துகூட அவள் எழுத்துக்காக வண்டியைக் கொண்டு வருகிறார்கள். கண்தான் அவளுக்கு மூலதனம் என்பதை நீ மனதில் வைத்துக்கொண்டு படி. மூலையில் கம்ப்ரசர் இருக்கிறது, அதிலிருந்து ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் கூரைக்குக் கீழே ஒன்பதடி உயரத்தில் ஓடுகிறது. ஜூலையில் அதை ஜி.ஐ. இரும்புக் குழாயில் போடுவதற்குப் பதிலாக பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயில் போட்டார்கள், ஏன் என்பது உனக்கே தெரியும், பின்னால் வருகிறேன்.

நான் போனபோது மாப்பிள்ளை இல்லை, தலைமை ஆள் துலுக்கானம்தான் இருந்தார். எனக்கு நாற்காலி போட்டார். உட்கார்ந்து மேலே பார்த்தேன். குழாய் முழுக்க இரண்டு மாதத்துப் பெயிண்ட் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது, நடுவில் ஒரு மூன்றடித் துண்டு மட்டும் பல் தேய்த்தது போல வெள்ளையாக இருந்தது. இது என்ன துலுக்கானம் என்றேன். எலி கடிச்சிட்ச்சு பெரியவரே என்றார். ஒன்பதடி உயரத்தில், பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாத இடத்தில், தின்ன ஒன்றுமில்லாத குழாயை, நேராக மூன்றடி அளவெடுத்துக் கடித்த எலி. எழுந்து மெதுவாக நடந்தேன். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த லாரி டயரின் பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ முனை தெரிந்தது. பிடித்து இழுத்தேன், வரவில்லை. குறடு வாங்கி இழுத்தேன். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சில்லு, கத்தி மாதிரி, லாரி டயருக்குள் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எலிக்குப் பல் இவ்வளவு நீளமா என்று கேட்டேன். துலுக்கானம் டீ சாப்பிடலாம் வாங்க என்றார்.

டீக்கடையில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் சொந்தச் சரக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. “நா சொன்னேன்னு சொல்லாதீங்க பெரியவரே. பாப்பா ஏணிக்குக் கீய நின்னு எய்திகினு இருந்துச்சு. டமார்னு ஒரு சத்தம். டயரு வெடிச்சிட்ச்சுன்னு நெனச்சு நா அப்டியே படுத்துகினேன். எய்ந்து பாத்தா பைப்பு சில்லு சில்லா பட்டறை பூரா கெடக்குது, பாப்பா மூஞ்சில ரத்தம். மொதலாளி இன்னா பண்ணாரு தெரியுமா, வண்டிய எடுக்கணும்னுகூட தோணல அந்தாளுக்கு, பாப்பாவத் தூக்கிகினு ரோட்ல ஓடறாரு. காலுல செருப்பு இல்ல. நா பின்னால டி.வி.எஸ் எடுத்துகினு போயி குந்துங்கய்யா குந்துங்கய்யான்னு கத்தறேன், காதுலயே ஏறல. பூந்தமல்லி வரைக்கும் ஓடியிருப்பாரு. ஆட்டோக்காரன் ஒத்தன் குறுக்க வந்து நிறுத்தனான்.” இப்படிச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நான் என் டீயைக் குடிக்கவில்லை. மூன்று நாளாக அந்த மனிதரைப் பற்றி மனதில் என்னென்ன எழுதி வைத்திருந்தேனோ எல்லாவற்றையும் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழித்தேன், கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆனால் சந்தேகம் போகவில்லை, இடம்தான் மாறியது. அடிக்கவில்லை என்றால் எதற்கு பீரோ, எதற்கு வடை. வியாழக்கிழமை ஞானகுமாரியைத் தனியாக உட்காரவைத்து சில்லை மேஜைமேல் வைத்தேன். அதை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். அப்புறம் சொன்னாள், “அண்ணன் லெட்டரப் பாத்துதானேப்பா அந்தப் பைப்பப் போட்டோம். வெளிய தெரிஞ்சா அண்ணனுக்கு ஆபீஸ்ல எதுனா ஆயிடுமேன்னுதான் சொல்லல.” சரி, அண்ணனைக் காப்பாற்றினாய், என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமல், “நீங்கதானேப்பா டெஸ்ட் பண்ணி ஓகே சொன்னீங்க” என்றாள்.

இதை நான் உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன், இப்போது எழுதுகிறேன். ஜூலையில் குழாய் போட்டு முடித்ததும் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். எனக்கும் ரிட்டயராகி இரண்டு வருஷமாக யாரும் எதையும் சோதித்துக் கொடு என்று கேட்கவில்லை, சந்தோஷமாகத்தான் போனேன். என்னோடு வேலை பார்த்த உலகநாதனிடம் கைப்பம்பை இரவல் வாங்கி, குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இருநூற்றுப் பத்து பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்றி அரை மணி நேரம் நிறுத்தினேன். அழுத்தமானியின் முள் அசையவில்லை. முப்பத்தொரு வருஷம் ஆவடித் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் செய்ததை எழுத்துக்கு எழுத்து செய்தேன். சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு இனிஷியலும் போட்டேன். எல்லோருமாகச் சமோசா தின்றோம். இவ்வளவும் சரியாகச் செய்தவனுக்கு, அந்தக் குழாயில் தண்ணீர் ஓடப்போவதில்லை, காற்றுதான் ஓடப்போகிறது என்பது மட்டும் உறைக்கவில்லை.

நீ குழாய்க் கம்பெனியில் இருப்பவன், உனக்கு நான் பாடம் சொல்வதாக நினைக்காதே, எனக்கே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்குவதில்லை. குழாய் விட்டால் ஒரு பீச்சு பீச்சும், அழுத்தம் அங்கேயே செத்துவிடும். தண்ணீரில் சோதிப்பதே சோதிப்பவன் உயிரோடு வீட்டுக்குப் போவதற்காகத்தான். காற்று சுருண்டு உட்கார்ந்துகொண்டிருக்கும், எங்காவது ஒரு மயிரிழை விட்டால் மொத்தமும் ஒரே மூச்சில் விரியும். இரும்புக் குழாயாக இருந்தால் ஓரிடத்தில் கிழிந்து வழி விட்டுவிடும், நாங்கள் அங்கே கையாண்டதெல்லாம் இரும்பு. இந்தப் பிளாஸ்டிக் சில்லாக உடைந்து காற்றோடு சேர்ந்து கிளம்புகிறது. கம்ப்ரசரிலிருந்து சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் வேறு வருகிறது, மேலே கூரை வெயில் வேறு. தண்ணீரைத் தாங்கியது என்பதால் காற்றையும் தாங்கும் என்று நினைத்த முட்டாள்தனத்தைப் படிக்காதவன் செய்ய மாட்டான், அவனுக்குப் பயம் இருக்கும். முப்பத்தொரு வருஷம் செய்து பழகியவன்தான் அதைச் செய்வான்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். நீ மே மாதம் மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதத்தை அவர் கண்ணாடி போட்டு, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் படிக்கிறார்கள். “எங்கள் குழாய் பத்துக் கிலோ அழுத்தம் தாங்கும். துருப்பிடிக்காது. யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் பொருத்தலாம். இரும்புக் குழாய்க்கு இனி வேலை இல்லை.” நான்கு வரி, கீழே உன் கையெழுத்து. நன்றாக எழுதியிருக்கிறாய், ஒரு பொய்கூட இல்லை. ஆனால் எதற்காகக் குழாய் என்று அவரும் எழுதவில்லை, நீயும் கேட்கவில்லை என்பது என் சந்தேகம். அவரிடமே கேட்டேன். “காத்துக்குன்னு எழுதல மாமா. பட்டறைக்குன்னு எழுதினேன். பட்டறைன்னா மச்சானுக்குத் தெரியாதா” என்றார். குழாய் விற்ற கரையான்சாவடி கஜபதியின் கடைக்கும் போனேன். “தண்ணி டாங்குக்குன்னு நெனச்சு குடுத்தேன் சார், காத்துக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நா குடுப்பனா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார், நான் படி இறங்குவதற்குள், “சார், இன்னும் தடிமனா ஒண்ணு வந்துகீது, அத வேணா போட்டுப் பாருங்களேன்” என்றார். ஆக, யாரும் தப்பு செய்யவில்லை. கேட்டவர் முழுதும் சொல்லவில்லை, சொன்னவன் முழுதும் கேட்கவில்லை, விற்றவர் நினைத்துக்கொண்டார், சோதித்தவன் சமோசா தின்றான். குழாய்தான் பாவம், அதில் தெளிவாக அச்சடித்திருக்கிறது, எத்தனை கிலோ என்று. எதன் கிலோ என்று கேட்க அதற்கு வாய் இல்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னேன், கழற்றிவிடுங்கள், இரும்பு போடலாம் என்று. மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அசையவில்லை. “அந்த ஒரு பீசு டேமேஜ் மாமா, வெயில்ல கெடந்த சரக்கு. மிச்சமெல்லாம் கல்லு மாரி நிக்குது. இரும்புன்னா ஒவ்வொரு முனையிலயும் மரை வெட்டணும், நாலு நாளு வேலை நின்னுபூடும், மாசக் கடைசிக்குள்ள ரெண்டு வண்டி வெளிய போவணும். மச்சான் அந்தப் பொருள் செய்யற கம்பெனிலயே கீறாரு, அவரு வேணாம்னு எழுதட்டும், அன்னிக்கே கழட்டறேன். நீங்க சொல்றீங்க, ஆனா நீங்கதானே…” என்று அங்கே நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தலுக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். என் வார்த்தைக்கு அந்தப் பட்டறையில் இனி மதிப்பு இல்லை, அது நியாயமும்கூட. இதையெல்லாம் பேசும்போது உன் தங்கை கட்டுப் போட்ட நெற்றியோடு அந்த வெள்ளைத் துண்டுக்கு நேர்கீழே நின்று ஒரு லாரிக்கு ‘துணை’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. தள்ளி நின்று எழுதேன் என்றேன். லாரி இங்கதானேப்பா நிக்குது என்றாள்.

ஆகவே சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன், அதை உனக்கு மட்டும் சொல்கிறேன். எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் கம்ப்ரசரின் பெல்ட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். பூசைக்குக் கிளம்பும் குருவானவர் மாதிரி இருந்திருக்கும். முப்பத்தொரு வருஷத்தில் தொழிற்சாலையிலிருந்து ஒரு ஸ்க்ரூகூட எடுத்து வந்தவனில்லை நான். பெல்ட் இப்போது டிரங்குப் பெட்டியில் உன் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது. பெல்ட் இல்லாமல் கம்ப்ரசர் ஓடாது, காற்று ஏறாது, குழாய் வெறும் குழாய். இப்போது ஆட்கள் பிரஷ் வைத்துக் கையால் பெயிண்ட் அடிக்கிறார்கள். எங்கே போயிருக்கும் பெல்ட் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு துலுக்கானம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அதே எலிதான் மொதலாளி என்றார். அவர்மேல் பழி வந்தால் அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

இத்தோடு இன்னொன்றும் செய்தேன். ஒரு வெள்ளைத் தாளில், “ஜூலை மாதம் இந்தக் குழாயை நான் தண்ணீரில் சோதித்துச் சரி என்றது தவறு. காற்றுக்கு இது ஆகாது. ராயப்பன்” என்று எழுதி, சாக்பீஸ் இனிஷியலுக்கு மேலேயே ஒட்டிவிட்டேன். சர்வீஸில் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டால் ஒன்றும் ஆகிவிடவில்லை, இரவு நன்றாகத் தூங்கினேன். நீயும் ஒரே ஒரு வரி எழுது. கம்பெனித் தாளில் வேண்டாம், உன் ஆபீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உன் கையெழுத்தில், “காற்றுக்கு வேண்டாம், கழற்றிவிடுங்கள் மச்சான்” என்று இருந்தால் போதும். காரணம் எழுதாதே, மன்னிப்பும் எழுதாதே, மன்னிப்பை உன் தங்கைக்குத் தனியாக எழுது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் போன் செய்யலாமே என்று தோன்றும். போனில் சொன்னதைக் கண்ணாடி போட்டு மாட்ட முடியாது.

பெல்ட்டை எத்தனை நாள் ஒளித்து வைப்பது, மாப்பிள்ளை புதிது வாங்கிவிட மாட்டாரா என்று நீ கேட்பாய். நேற்று அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டு அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பூந்தமல்லிக்குப் போனேன். கரையான்சாவடியில் பெல்ட் விற்கும் கடை மூன்று இருக்கிறது. முதல் கடையில் வாசலிலேயே மாலை மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார், பார்த்தார், நிறுத்தவில்லை. இரண்டாவது கடையிலும் அப்படியே. மூன்றாவது கடைக்காரர் தெரிந்தவர், கையைக் காட்டிக் கூப்பிட்டார், இவரும் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பூந்தமல்லி பஸ் நிலையம் தாண்டியதும், திரும்பாமல், “மச்சான் லெட்டரு எப்போ மாமா வரும்” என்று கேட்டார். எழுதியிருக்கிறேன், வந்துவிடும் என்றேன். “சீக்கிரம் வரட்டும் மாமா” என்றார்.

வேறு செய்தி, வெள்ளானூரில் நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வீடு எழும்புகிறது, கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய், சாப்பிடாமல் இருந்துவிடாதே. ஞாயிறு பூசையை விடாதே. சேசு மரி சூசை உன்னைக் காப்பார்களாக, உன் கை எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அவர்களே காப்பார்களாக. மறவாமல் எக்ஸ்பிரஸ் தபாலில் போடு, வெள்ளானூர் முகவரிக்கு வேண்டாம், நேராகப் பட்டறைக்கே போடு, மாப்பிள்ளை தன் கையால் பிரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
செ. ராயப்பன்